ரிட்டர்ன் கட்டு

(1983 முதல் 2014 வரை மதுரையில் ஒரு தமிழ் நாளிதழின் விற்பனைப் பிரிவிலும் பிறகு விளம்பரப் பிரிவிலும் வேலை பார்த்தவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: ஒரே கைதுச் செய்தி. ஒரு பேப்பரில் 'ஊழல் வழக்கில் கைது', இன்னொன்றில் 'நள்ளிரவில் பழிவாங்கல்'. பள்ளியில் நாளிதழ் வாசிக்கச் சொல்லித் தருகிறேன். எது உண்மை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முதலாளி சொல்லித்தான் இப்படி எழுதுகிறார்களா?
– ஓர் ஆசிரியை, கோவில்பட்டி

ப: டீச்சர், இரண்டும் உண்மையாக இருக்கலாம். கைதும் நடந்திருக்கும், நள்ளிரவிலும் நடந்திருக்கும். இரண்டில் எதைத் தலைப்பில் ஏற்றுவது என்பதில்தான் வியாபாரம். முதலாளியைத் திட்டுவது சுலபம், நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனால் என் கண்ணால் பார்த்த சங்கதி வேறு.

1988-ஆம் வருடம். எம்.ஜி.ஆர். மறைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அ.தி.மு.க. ஜானகியின் ஜா. அணி, ஜெயலலிதாவின் ஜெ. அணி என்று இரண்டாகக் கிடந்தது. எங்கள் பேப்பர் ஒரு வாரம் ஓர் அணியின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டது. ஆண்டிபட்டி என்றால் உங்களுக்குத் தெரியும்: 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்த தொகுதி. அந்தப் பக்கத்து முகவர் ஒருவர் பேப்பர்க் கட்டுகளில் பாதியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். மேலே நீல மையில் ஒரு சீட்டு: "இந்தத் தலைப்பை இங்கே கடையில் தொங்கவிட முடியாது. நாளை முதல் 60 காப்பி குறைக்கவும்." இரண்டு நாளில் இன்னும் நாலு சீட்டுகள் வந்தன. நான் அவற்றை ரிட்டர்ன் கணக்கோடு, அதாவது விற்காமல் திரும்பி வந்த காப்பிகளின் கணக்கோடு, சேர்த்துக் குத்தி மேலே அனுப்பினேன். அந்தக் கணக்கு தினமும் மத்தியானம் ஆசிரியர் மேஜைக்கும் போகும். யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதாக நான் கேட்கவில்லை. பத்தாவது நாள் தலைப்பு தானாகவே நடுவுக்கு வந்து நின்றது. முதலாளி அந்த மாதம் ஊரிலேயே இல்லை.

இதையே பெரிய அளவில் செய்து பார்த்த இரண்டு பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷபிரோ என்று பெயர். அமெரிக்காவில் செத்தவர் விட்டுப்போன சொத்துக்கு ஒரு வரி உண்டு. குடியரசுக் கட்சிக்காரர்கள் அதைச் 'சாவு வரி' என்பார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 'எஸ்டேட் வரி' என்பார்கள். (நம் நாட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, 1985-இல் எடுத்துவிட்டார்கள்.) இந்த மாதிரிக் கட்சிச் சொற்களை நாடாளுமன்றப் பேச்சுகளில் இருந்து பொறுக்கி எடுத்து, நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் எது எந்தச் சொல்லை அதிகம் புழங்குகிறது என்று எண்ணினார்கள். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது என்ன தெரியுமா? பேப்பர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அந்த ஊர் வாசகர் எந்தப் பக்கம் என்பதோடு நன்றாகப் பொருந்தியது. முதலாளி யார் என்பதோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஒரே முதலாளியின் இரண்டு பேப்பர்கள் இரண்டு ஊரில் இரண்டு பாஷை பேசின. ஆண்டிபட்டிச் சீட்டுதான், வேறென்ன.

ஆனால் இதை அப்படியே நம் ஊருக்கு ஒட்டிவிடாதீர்கள். அங்கே பெரும்பாலான ஊர்களில் ஒரே நாளிதழ்தான், முதலாளிக்குப் பிழைப்பும் அதுதான். இங்கே சிலருக்குக் கல்லூரியில் வருமானம், குவாரியில் வருமானம், ரியல் எஸ்டேட்டில் வருமானம். பேப்பர் என்பது வாசலில் கட்டி வைத்த நாய். அதற்குச் சோறு போடுவது செலவுதான், ஆனால் அது குரைக்க வேண்டிய நேரத்தில் குரைத்தால் போதும். அப்படிப்பட்ட முதலாளியிடம் 60 காப்பி குறைந்தது என்று சீட்டு நீட்டினால் சிரிப்பார்.

பிள்ளைகளிடம் எது உண்மை என்று கேட்காதீர்கள். இந்தப் பேப்பரில் இருக்கிற, ஆனால் அந்தப் பேப்பரில் இல்லாத விஷயம் என்ன என்று இரண்டு பட்டியல் போடச் சொல்லுங்கள்.

கே: டீ 15 ரூபாய்க்கு விற்கிறது. பேப்பரை மட்டும் எப்படி 7 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள்?
– டீக்கடைக்காரர், திருமங்கலம்

ப: அண்ணாச்சி, உங்கள் கடைத் தராசை எடுங்கள். 16 பக்க நாளிதழ் ஏறக்குறைய 70 கிராம் நிற்கும். அச்சுக் காகிதம் கிலோ 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வெறும் காகிதத்துக்கே 3 ரூபாய் 85 காசு. விலையில் மூன்றில் ஒரு பங்கு முகவர் கமிஷன், வீட்டுக்கு வீடு போடுகிற பையன் கூலி என்று போய்விடும் என்று வையுங்கள். மிச்சம் ஏறக்குறைய 4 ரூபாய் 65 காசு. காகிதம் போகக் கையில் நிற்பது 80 காசு. அதில் மை, மின்சாரம், ஜீப் டீசல், நிருபர் சம்பளம், உங்கள் ஊர்ப் பகுதி நேர நிருபருக்கான படிக்காசு எல்லாம் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது. விளம்பரம்தான் பார்க்கிறது.

இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர். 1833-இல் 'சன்' என்று ஒரு பேப்பரை ஒரு சென்ட்டுக்கு விட்டார். அப்போது மற்ற பேப்பர்கள் ஆறு சென்ட். அந்த ஆறு சென்ட் பேப்பர்களில் பலவும் கட்சி தயவில், அரசாங்க அச்சு வேலை தயவில் ஓடியவை. கட்சி காசு கொடுக்கிறது, அதனால் பேப்பர் கட்சியைப் பாடுகிறது, கணக்கு நேர். டே என்ன செய்தார்? தெருவில் போகிறவன் எல்லாரையும் வாங்க வைத்து, அந்தக் கூட்டத்தைக் கடைக்காரர்களிடம் விற்றார். எல்லாக் கட்சிக்காரனும் செருப்பு வாங்குவான், தொப்பி வாங்குவான். எந்தக் கட்சிக்காரனையும் ரொம்பக் கோபப்படுத்தினால் விளம்பரக் கூட்டம் குறையும். நடுநிலை என்ற சரக்கு அமெரிக்காவில் மெல்ல வளர்ந்ததற்கு யோக்கியதை ஒரு காரணம் என்றால், செருப்புக்கடை விளம்பரம் இன்னொரு காரணம்.

நம் பக்கத்திலும் இரண்டு வகையும் உண்டு. 1935-இல் தொடங்கிய விடுதலை, 1942-இல் தொடங்கிய முரசொலி எல்லாம் இயக்கத்தின் குரல்கள். அதை ஒளித்தும் வைக்கவில்லை. அதே 1942-இல் ஆதித்தனார் இதே மதுரையில் தொடங்கிய தினத்தந்தி வேறு வழியில் போனது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிகிற தமிழ், டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்தால் பத்துப் பேர் கேட்கலாம். அண்ணாச்சி, உங்கள் கடை பெஞ்சுதான் அந்த வியாபாரத்தின் அஸ்திவாரம். பழைய பேப்பர்க்காரருக்குப் போடும்போது 14 பேப்பர் ஒரு கிலோ என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நீங்கள் எந்தப் பேப்பர் படிக்கிறீர்கள்?
– எஸ்., தென்காசி

ப: மூன்று. ஒன்று காசு கொடுத்து, ஒன்று டீக்கடையில், ஒன்று பக்கத்து வீட்டில் அவர் எழுந்திருக்கும் முன்.

கே: தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில், தனியார் டிவி வந்தால் போட்டி வரும், நடுநிலை வரும் என்று என் அப்பா சொல்வார். போட்டி வந்தது. மற்றது எங்கே?
– பொறியாளர், திருச்சி

ப: தம்பி, உங்கள் அப்பா சொன்னதில் பாதி பலித்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தபோது, டெல்லியில் வடித்துக் கொடுத்த செய்தியை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலை போயிற்று. அது சின்ன விஷயம் இல்லை. 1999-இல் ஜெயா டிவி. ஒரு பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. இரண்டையும் பார்த்துக் கூட்டி இரண்டால் வகுத்தால் செய்தி என்று அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் சொல்வார்கள்.

ஏன் நடுவுக்கு வரவில்லை என்பதற்கு என் கணக்கு இது. பேப்பரில் செய்திதான் சரக்கு. தலைப்பு பிடிக்காவிட்டால் கட்டு திரும்பி வரும். பொழுதுபோக்கு டிவியில் செய்தி சரக்கே இல்லை. ராத்திரி செய்தியில் என்ன சொன்னாலும் அதற்குப் பிறகு வரும் சீரியலை ஜனங்கள் விடமாட்டார்கள். சோப்புக் கம்பெனி காசு கொடுப்பது சீரியலுக்கு. அப்படியானால் செய்தியைச் சாய்ப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு? பூஜ்யம். அங்கே எந்த ஆண்டிபட்டி முகவரும் சீட்டு அனுப்ப முடியாது.

அப்புறம் கேபிள் கம்பி. இதைப் பற்றி ஜனங்கள் அதிகம் யோசிப்பதில்லை. பேப்பர்க் கட்டை ஜீப்பில் ஏற்றினால் எந்த ஊருக்கும் போகும், பெட்டிக்கடைக்காரர் எல்லாப் பேப்பரையும் வரிசையாகத் தொங்கவிடுவார். கேபிளில் அப்படி இல்லை. பழைய பெட்டிகளில் முதல் வரிசைச் சேனல்கள் பளிச்சென்று தெரியும். கடைசி வரிசைக்குத் தள்ளினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும், சில பெட்டிகளில் வரவே வராது. யாரையும் தடை செய்ய வேண்டாம், 8-ஆம் எண்ணில் இருப்பவனை 80-க்கு நகர்த்தினால் போதும். எங்கள் தெரு கேபிள்காரர் ஒருமுறை சொன்னார்: "சார், எது தெளிவாத் தெரியணும்னு நான் முடிவு பண்றதில்லை." நல்ல இடம் வேண்டும் என்றால் சேனல் கம்பிக்காரருக்குக் காசு கட்ட வேண்டும். அதற்கு 'கேரேஜ் ஃபீஸ்' என்று பெயர்.

அதனால்தான் இங்கே சண்டை கம்பியைச் சுற்றியே நடந்தது. சென்னையில் சுமங்கலி கேபிள் சன் குழுமத்துடையது. 2007-ஐப் பற்றி ஒரு மதுரைக்காரன் எழுதினால் கை கொஞ்சம் நிற்கும். அந்த மே மாதம் ஒரு கருத்துக்கணிப்பைத் தொடர்ந்து சன் குழுமத்தின் தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். செய்தி எழுதியவர்கள் அல்லர், வேலைக்கு வந்தவர்கள். கருணாநிதி குடும்பமும் சன் குழுமத்தின் மாறன் குடும்பமும் பிரிந்தன. செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. அக்டோபரில் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. பிறகு குடும்பம் சேர்ந்தது, அரசு கேபிள் படுத்துக்கொண்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய் என்று எழுந்து வந்தது. கம்பி ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போனதே தவிர, தெருவுக்கு வரவில்லை. மாநில அரசும் கட்சிகளும் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலேயே பரிந்துரைத்தது, 2012-இல் திரும்பவும் சொன்னது. பரிந்துரை பல வருடம் பரிந்துரையாகவே கிடந்தது.

கே: மகள் வீட்டில் ஆறு மாதமாக இருக்கிறேன். இங்கே ஃபாக்ஸ் நியூஸ் பார்த்தால் ஒரு நாடு, மற்றதைப் பார்த்தால் வேறு நாடு. செய்தி டிவி மக்கள் ஓட்டை மாற்றுமா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நியூ ஜெர்சியில் இருந்து

ப: கொஞ்சம் மாற்றும் ஐயா. ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் வந்தது. 2000 தேர்தல் வரைக்கும் சில ஊர் கேபிளில் அது இருந்தது, சில ஊரில் இல்லை. ஸ்டெஃபானோ டெல்லாவீன்யா, ஈதன் காப்லான் என்ற இருவர் இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டார்கள். ஃபாக்ஸ் வந்த ஊர்களில் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. இதற்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்த வருடம் ஃபுளோரிடாவில் வித்தியாசம் 537 ஓட்டு.

ஆனால் எனக்குச் சுவாரசியமானது மறுபக்கம்: பார்க்கிற ஜனம் டிவியை மாற்றுவது. 2020 நவம்பர் 3 ராத்திரி அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ்தான். கடைசியில் பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டில் அது சரியாகவும் இருந்தது. சரியாகச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு, அதன் சொந்தப் பார்வையாளர்களே கோபித்துக்கொண்டு நியூஸ்மேக்ஸ் என்ற சின்னச் சேனலுக்குப் போகத் தொடங்கியது. டிசம்பரில் ஒரு நாள், ஒரு மணி நேரம், விளம்பரக்காரர்கள் விரும்புகிற வயதுப் பிரிவில் நியூஸ்மேக்ஸ் ஃபாக்ஸை முந்தியது. ஒரே ஒரு மணி நேரம்! அதற்குள்ளே என்ன பதற்றம் என்பது பிறகு கோர்ட்டில் தெரிந்தது. ஓட்டு இயந்திரக் கம்பெனியான டொமினியன் போட்ட அவதூறு வழக்கில் உள்வீட்டுச் செய்திகள் எல்லாம் வெளியே வந்தன. தேர்தல் மோசடிக் கதையைத் தனியே நம்பாதவர்கள், பார்வையாளர் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் அதற்குத் திரையில் இடம் கொடுத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமாதானம் செய்துகொண்டது.

போட்டி வந்தால் உண்மை வரும் என்பவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வேன். போட்டி எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபாக்ஸுக்கு வந்த போட்டி நடுவில் இருந்து வரவில்லை, இன்னும் ஓரத்தில் இருந்து வந்தது. முதல் கேள்வியில் என் ஆண்டிபட்டி முகவரைப் புகழ்கிற மாதிரி எழுதிவிட்டேன். அதே சீட்டு இங்கே ஒரு டிவியைப் பொய்யின் பக்கம் இழுத்திருக்கிறது.

கே: அரசு விளம்பரத்தை நிறுத்தினால் பேப்பர் பணிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– கல்லூரி மாணவி, மேலூர்

ப: ஒரு தடவை நானே நடுவில் மாட்டினேன் அம்மா. ஒரு கண்மாய் மடையைப் பழுது பார்த்ததாகக் காகிதத்தில் இருக்கிறது, மடையில் இல்லை என்று எங்கள் நிருபர் படத்தோடு எழுதினார். அடுத்த வாரத்தில் இருந்து ஒரு துறையின் டெண்டர் விளம்பரத்துக்கான ஆர்.ஓ., அதாவது விளம்பரம் போடச் சொல்லும் உத்தரவு, வரவில்லை. அலுவலகத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். "மேலே இருந்து யாரும் எதுவும் சொல்லலை சார், ஃபைல் நகரலை, அவ்வளவுதான்" என்றார் எழுத்தர். காபி வேறு வாங்கிக் கொடுத்தார். 47 நாள்.

எங்களுக்கு அதிர்ஷ்டம், அது ஆடி மாதம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று தள்ளுபடி விளம்பரம் குவிந்தது. நூறு கடைக்காரர்கள் காசு கொடுக்கும்போது ஒருவர் நிறுத்தினால் தாங்கலாம். நகைக்கடைகளும் கூட்டு சேர்ந்து வந்து ஆசிரியரைப் பார்த்ததில்லை. மார்கழியில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். சரி, ஆடியிலும் நாங்கள் வீரர்கள் இல்லை. ஆர்.ஓ. திரும்பி வந்தது, கண்மாய் பற்றி இரண்டாவது செய்தி வரவில்லை.

இதைவிட மோசமானது செய்தியையே விளம்பரமாக விற்பது. 2009 தேர்தலில் அது கூச்சமில்லாமல் நடந்து, பிரஸ் கவுன்சில் 2010-இல் விசாரித்தது. 2011-இல் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், காசு கொடுத்து வந்த செய்தியைச் செலவுக் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையத்தால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வேட்பாளருக்குத் தண்டனை சரி. விற்ற கடைக்கு?

கே: பெரிய பேப்பர்கள் பக்கத்தைக் கூட்டி விலையைக் குறைத்துச் சின்னப் பேப்பர்களை விழுங்குகின்றன. சட்டம் போட்டால் என்ன?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

ப: போட்டார்கள். 1956-இல் விலை–பக்கச் சட்டம், 1960-இல் அதற்கான ஆணை. இத்தனை பக்கத்துக்கு இத்தனை காசு, அதற்குக் கீழே விற்கக் கூடாது. புனேயின் சகாள் என்ற மராத்தி நாளிதழ் உச்ச நீதிமன்றம் போனது. 1961-இல் சட்டம் விழுந்தது: விலையை ஏற்று அல்லது பக்கத்தைக் குறை என்றால் வாசகர் குறைவார், அது பேச்சுரிமையைக் குறைப்பது என்றார்கள். 1972-இல் காகித ஒதுக்கீட்டோடு வந்த 10 பக்க உச்சவரம்பும் அப்படியே போயிற்று. நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். பக்கத்தை எண்ணுகிற அரசு நாளைக்கு வரியை எண்ணும். ஆனால் மாவட்டத்து மாலைப் பேப்பர்கள் ஒவ்வொன்றாக மூடினபோது அவர்கள் மிஷினை ஏலத்தில் எடுக்கப் போனவர்களில் நானும் உண்டு. அந்த வாசனை நல்லா இருக்காது.

கே: உங்கள் 31 வருட வேலையில் மறக்க முடியாத தலைப்பு எது?
– ஆர்., ராமநாதபுரம்

ப: விற்பனைப் பிரிவுக்காரனுக்குத் தலைப்பு நிற்காது, எண்தான் நிற்கும். 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது ராத்திரி 10.20 மணி. எங்களுக்கு உறுதியானபோது வெளியூர்க் கட்டில் பாதி வண்டி ஏறிவிட்டது. ஜீப்பைப் பின்னால் துரத்தி ஆள் அனுப்பினோம். முதல் பக்கத்தில் இருந்த விளம்பரங்களைத் தூக்கிவிட்டு, மறுபடி தகடு எடுத்து, வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு அடித்தோம். விடிந்தால் பஸ் இல்லை. முகவர்கள் திருமங்கலம், மேலூரில் இருந்தெல்லாம் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்கள். பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் கோப்பில் வைக்கக்கூட ஒரு காப்பி இல்லை.

அடுத்த வாரம் கணக்குப் பிரிவில் கூப்பிட்டார்கள். கூடுதலாக அடித்த ஒவ்வொரு காப்பிக்கும் காகிதச் செலவு வந்த விலையைவிட அதிகம், தூக்கிய விளம்பரத்தின் காசும் போயிற்று. நான் ரிட்டர்ன் பேரேட்டைக் காட்டினேன். அன்றைய தேதிக்கு எதிரே பூஜ்யம் என்று எழுதியிருந்தேன். 31 வருடத்தில் அப்படி எழுதிய ஒரே நாள் அதுதான். அந்த மாதம் எங்கள் பதிப்பு நஷ்டம்.